அண்ணி கட்டிய கம்ப்யூட்டர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு போன் அழைப்பை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் தம்பி என்று வருகிறவன் நான். ‘நான்’ என்றே எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் பேனா நகரவில்லை.

2

அண்ணன் மில்லில் எலக்ட்ரீஷியன். வளைவே இல்லாத சாலையில், நல்ல வெயிலில், எதிரே வந்த லாரிக்குள் பைக்கை விட்டார். (‘விட்டார்’ என்பதை அடித்துவிட்டு ‘பைக் புகுந்தது’ என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன்.) போலீஸ் விபத்து என்றது. சொந்தக்காரர்கள் வாயால் அப்படிச் சொல்லிவிட்டுக் கண்ணால் வேறு பேசினார்கள்.

ஒன்பதாம் நாள் அண்ணன் பெயருக்குப் பார்சல் வந்தது. உள்ளே வெறும் போர்டு, பொட்டலம் பொட்டலமாகச் சிப்புகள், ஒரு கையேடு. அந்தக் காலத்து மாதிரி கம்ப்யூட்டர் கிட். நாமே ஈயத்தால் பற்றவைத்து டிவியில் மாட்டினால் எழுத்து மட்டும் தெரியும்.

“திருப்பி அனுப்பிடலாம் அண்ணி.”

அண்ணி கையேட்டைப் புரட்டினாள். “சாகணும்னு நினைக்கிறவர் இதை வரவழைப்பாரா தம்பி?”

அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

3

அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நடுங்கும் விரல்களால் அவள்—

இல்லை. அவள் விரல் நடுங்கவே இல்லை. ஞாயிறுதோறும் ஜன்னலோரம் மேசை போட்டு, தம்பி கையேட்டை வாசிக்க, அவள் சிப்புகளின் கம்பிக் கால்களுக்கு ஒவ்வொன்றாக ஈயம் வைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு, அவள் அடுப்படியில் இருந்தபோது அண்ணனின் போன் அடித்தது. தம்பி எடுத்தான். கிட் விற்ற கடைக்காரர்.

“பார்சல் வந்துடுச்சா சார்? நீங்க வேண்டாம்னு எழுதினதை லேட்டாத்தான் பாத்தோம். அதுக்குள்ள அனுப்பிட்டோம்.”

“எப்ப எழுதினது?”

கடைக்காரர் தேதி சொன்னார். லாரி வந்த அன்று காலை.

“காரணம் ஏதாவது…”

“இனிமே தேவைப்படாதுன்னு மட்டும் போட்டிருக்கு சார்.”

“யாரு தம்பி?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

“ராங் நம்பர் அண்ணி.”

கடை நம்பர் இருந்த பார்சல் அட்டையைத் தம்பி அன்றே கிழித்துப் போட்டான், போனிலும் அழித்தான்.

(ஒரு கிட்டை வேண்டாம் என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. நானே நம்பாததால் எடுத்துவிட்டேன்.)

4

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கு வசதியான முடிவு. ஆனால் ஓடியது. ஐந்தாம் ஞாயிறு மத்தியானம் ஸ்விட்சைப் போட்டதும், கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம் ஒன்று கண்சிமிட்டியது. அண்ணி ஒற்றை விரலால் எதையோ தட்டி, படித்து, அழித்தாள்.

“இதைப் பாக்கணும்னு ஆசை இருந்திருக்கு அவருக்கு. நான் சொன்னேன்ல?” என்றாள். “அந்தக் கடைக்குப் போன் போட்டு, என்னைக்கு ஆர்டர் பண்ணாருன்னு கேளு தம்பி. தேதியோட சொன்னா சொந்தக்காரங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க.”

“கேக்கறேன் அண்ணி.”

5

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இன்னொன்றில் ஆர்டர் கொடுத்த தேதியை மட்டும் சொல்லி மீதியை விழுங்குகிறான். இரண்டாவதுதான் நன்றாக வந்திருக்கிறது. பொய்யில் கை பழகிவிட்டது.

ஆனால் இன்று அண்ணி, “உனக்கு வேலை ஜாஸ்தி. நம்பரைச் சொல்லு, நானே கேட்டுக்கறேன்” என்று போனை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நம்பர் மனப்பாடம். ஆறு எண்களைச் சொல்லிவிட்டேன். அவள் விரல் ஏழாவதுக்காகக் காத்திருக்கிறது.

என் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுங்கள்.