ஆறு கம்பிக்கும் ஒரே இழுவை

லிஃப்ட் கயிற்றைப் பற்றி ரோப் சாரிடம் வாயைக் கொடுத்தவர்கள் அன்றைக்கு வேறு வேலை பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஆறு கயிறு தூக்குகிற லிஃப்ட் என்றால் ஆறும் ஒரே இழுவையில் இருக்க வேண்டும், ஒன்று தளர்ந்தால் மற்றதெல்லாம் தேய்ந்துபோகும் என்பது அவருடைய வேதம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே எது தளர்வு, எது இறுக்கம் என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். அவருக்கு அதில் பெருமை வேறு.

இப்பேர்ப்பட்டவர் தன்னுடைய நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கையில் கிட்டாரோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

“யாருதுங்க இது?” என்றாள் மனைவி.

“என்னுதுதான். ராக் பாட்டு கத்துக்கப் போறேன்.”

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

அவர் சொன்னது பச்சைப் பொய். மூன்று வருஷத்துக்கு முன்னால், பதினைந்து வயதில், மகள் அவரிடம் கிட்டார் கேட்டாள். கையிலிருந்த போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்புறம் பாக்கலாம்” என்றார். அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே அப்புறம்தான். அதற்கப்புறம் அவள் எதையுமே கேட்கவில்லை. செருப்பு அறுந்தால்கூட அம்மாவிடம்தான் சொல்வாள். அப்பாவிடம் “சாப்ட்டேன்”, “தெரியாது”, “சார்ஜர் அங்க இருக்கு” என்பதோடு சரி. இப்போது வெளியூரில் கல்லூரி கிடைத்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் விடுதிக்குக் கிளம்புகிறாள்.

வேறு ஆளாக இருந்தால் கிட்டாரை அவளிடம் நீட்டி, “அன்னிக்கு வாங்கித் தராதது தப்பும்மா” என்று சொல்லியிருப்பான். நாலே வார்த்தை. ரோப் சாருக்கு அதைவிடப் பதினாலு மாடி ஏறி இறங்குவது சுலபம். அதனால் ஒரு திட்டம் போட்டார். கிட்டாரைத் தனக்கென்று வாங்குவது, பத்து நாள் எல்லார் முன்னாலும் தட்டுத்தடுமாறுவது, பிறகு “எனக்கு வரல, நீ வேணா எடுத்துக்கோ” என்று போகிற போக்கில் அவள் பக்கம் தள்ளிவிடுவது. மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே உச்சி குளிர்ந்தது.

பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இல்லை. மகள் கேட்கிற ராக் பாட்டுகள் வீட்டு டிவியில் வரிசையாகப் பதிவாகிக் கிடந்தன. பதினேழு பாட்டுகளை எடுத்து, சர்வீஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினார். பாட்டு, நிமிஷம், எத்தனை விரல்பிடி, கோளாறு, குறிப்பு. ஒவ்வொன்றையும் கேட்டுக் குறிப்பும் எழுதினார். ‘ஒருத்தன் ஊரை விட்டுப் போகிறான், காரணம் சொல்லவில்லை.’ ‘நாலு நிமிஷம் கோபம், யார் மேல் என்று தெரியவில்லை.’ ‘இவனுக்குத் தொண்டையில் ஏதோ இருக்கிறது.’

கற்றுத்தருகிற முதல் வீடியோ சுதி சேர்ப்பதைப் பற்றியது. இருபத்திரண்டு வருஷமாகக் கம்பியோடு மாரடிக்கிறவனுக்கே பாடமா என்று அதைத் தள்ளிவிட்டார். கிட்டாரின் ஆறு கம்பிகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கடைக்காரி ஏனோதானோ என்று கட்டிக் கொடுத்திருக்கிறாள்! ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. திருகுகளைத் திருகி, ஆறையும் ஒரே இழுவைக்குக் கொண்டுவந்தார். வேலை சுத்தமாக இருந்தது.

சத்தம்தான் கொஞ்சம் வேறு மாதிரி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் கரண்டிகளைக் கொட்டினால் வருமே, அது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் ஜன்னலுக்குக் கனமான கண்ணாடி மாற்றினார். ரோப் சார் அந்தச் சத்தத்துக்கான பழியைப் பாட்டின் மேல் போட்டார். முதல் பாட்டுக்கு எதிரே ‘அமைப்பே சரியில்லை’ என்று எழுதிக் கோடு போட்டார். இரண்டாவது, மூன்றாவது என்று பாட்டுகள் வரிசையாகக் கழிந்தன. மகளுடைய ரசனையை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தார்.

கடைசியில் கிட்டார் மேலேயே சந்தேகம் வந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். தடித்த கண்ணாடி போட்ட அந்தக் கடைக்கார அம்மா வாங்கி ஒரு தடவை மீட்டிவிட்டு, பல் கூசியவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். பேசாமல் திருகுகளைச் சரிசெய்து வாசித்துக் காட்டினாள். அமிர்தமாக இருந்தது. “இத வச்சுக்குங்க சார், தெனமும் தேவைப்படும்” என்று குட்டித் திரை வைத்த ஒரு கிளிப்பையும் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் ஆறும் ஆறு விதம்! “பாவம், வயசாயிடுச்சு அந்தம்மாவுக்கு” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே பழையபடி சமமாக இழுத்து வைத்தார். அந்தக் கிளிப்பில் மணி தெரியும் என்று பார்த்தார், தெரியவில்லை. ஓசியில் வந்தது வேறு எப்படி இருக்கும்? பாட்டுப் பட்டியல் பறக்காமல் இருக்க, அதைக் கிட்டாரின் தலையில் மாட்டி வைக்க அந்தக் கிளிப்பைப் பயன்படுத்திக்கொண்டார்.

இதற்குள் பத்து நாள் கடந்து இருபது ஆகிவிட்டது. வரல என்று சொல்லித் தள்ளிவிட வேண்டிய ஆள், அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஏனென்றால் ஆசை பிடித்துக்கொண்டது. வேலையிடத்தில் டீ குடிக்கிற நேரத்தில், “தொட்டுப் பாருய்யா, விரல் காய்ச்சுப்போச்சு” என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கையை அவர் ஒருநாளும் யாரிடமும் காட்டியதில்லை.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள், பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே பாட்டு. மூன்றே பிடிதான். ரோப் சார் அதையும் வதைத்துக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது.

“அப்பா, அத விட்டுடேன். அந்தப் பாட்டு உன்ன என்னப்பா பண்ணுச்சு?”

அவள் வந்து எதிரே உட்கார்ந்து கிட்டாரை வாங்கினாள். ஒரு தடவை மீட்டினாள். “ஐயோ, யாரு இத இப்படி வச்சது?”

“நான்தான். ஆறும் ஒரே இழுவை. வேணும்னா அழுத்திப் பாரு.”

அவள் அவரைப் பார்த்தாள். கிட்டாரின் தலையில் தொங்கிய பட்டியலைப் பார்த்தாள். பட்டியலைப் பிடித்திருந்த கிளிப்பைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்துவிட்டாள்.

“அப்பா, இது லிஃப்ட் இல்ல. ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு சத்தம், அதுக்கேத்த இழுவை. அதக் காட்டுறதே இந்தக் கிளிப்புதான். நீ அதுல பேப்பர மாட்டி வச்சிருக்க.”

ரோப் சார் அசடு வழிந்தார். அவள் கிளிப்பின் பொத்தானை அமுக்கி, திரையைப் பார்த்துப் பார்த்துத் திருகினாள். அப்புறம் அதே பாட்டை வாசித்தாள். அவர் செத்த பாம்பாக அடித்துப் போட்டிருந்த பாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. விரல் எங்கேயும் தடுமாறவில்லை.

“எங்க கத்துக்கிட்ட?”

“ஃப்ரெண்டு வீட்ல. மூணு வருஷமா, சனிக்கிழமைல.”

அவள் குத்திக்காட்டியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். அத்தனை சனிக்கிழமையும் அவள் எங்கே போகிறாள் என்றுகூட அவர் கேட்டதில்லை.

“நான் இத எடுத்துட்டுப் போகட்டுமாப்பா?”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்கிற முதல் பொருள். இதற்காகத்தானே இத்தனை கூத்தும்? ஆனால் அந்த மனுஷனுக்கு, விரலெல்லாம் காய்த்திருக்கிறதே, கொடுக்க மனசு வரவில்லை.

“அப்புறம் பா…”

அவள் முகம் சுருங்க ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே முகம் இப்படித்தான் சுருங்கியிருக்கும். அப்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்துவிட்டார்.

“எடுத்துட்டுப் போம்மா. அன்னிக்கு வாங்கித் தராதது தப்பு. எனக்கு அப்பத் தெரியல.”

அவள் கிட்டாரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இத முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? மூணு வாரம் காது பொழச்சிருக்கும்” என்றாள்.

மறுநாள் காலையில் வாசலில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மகள் தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, ரோப் சார் கிட்டார் பையின் ஜிப்பை மெதுவாக இறக்கினார். அடிக்கம்பி கொஞ்சம் தளர்வாகத்தான் பட்டது. கட்டைவிரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்தது.

“அப்பா, கைய எடு.”

எடுத்தார்.