பதினோராவது பல்

டமார்!

சுவருக்கு அந்தப் பக்கம் வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். மேஜை அதிர்ந்தது. டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. அந்த ஒரு நொடியில் பிரபாவதியின் கையிலிருந்த, காற்றழுத்தத்தால் பாறையைச் செதுக்கும் காற்றுப் பேனா அரை அங்குலம் தாண்டிப் போய்விட்டது.

"கம்ப்ரஸர் ஹோஸ் புட்டுக்கிச்சு! எல்லாரும் வெளிய வாங்க!" என்று லேப் பொறுப்பாளர் ஜான்சன் கத்தினான். பக்கத்து மேஜை வைஷாலி, மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

பிரபாவதி எழுந்திருக்கவில்லை. பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் ஒரு மீனின் தாடை கிடந்தது. ஏழு கோடி வருடங்களுக்கு முன்னால் கடலில் திரிந்த மீன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வந்தது. ஏழு வாரமாக அதைத்தான் அவள் பாறையிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தாள். காலையில் எண்ணியபோது பதினொரு பல். இப்போது பத்து. ஆறாவது பல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். முழங்கைக்குப் பக்கத்தில், பாறைப்பொடியை இழுக்கிற குழாய் மட்டும் ஒன்றும் நடக்காதது போல உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அவள் செய்த முதல் காரியம், தாடையின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடியது. ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பத்தொன்பது வருடத்துப் பழக்கம்.

மாமல்லபுரத்துக்கு முன்னால், ஈ.சி.ஆரில் சவுக்குத் தோப்பை ஒட்டி அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆண்டுதோறும் நாலு பேரைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். மூன்று மாதம், மாதம் பதினைந்தாயிரம் சம்பளம், முடிவில் ஒருவருக்கு நிரந்தர வேலை. 'கை நடுங்காதவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை' என்று போட்டிருந்ததைப் பொத்தேரியில் படிக்கும் மகள் ஹரிப்ரியாதான் போனில் பார்த்தாள். அம்மாவைக் கேட்காமலே விண்ணப்பித்தும் விட்டாள். நேர்காணலில் ஜான்சன் ஆளுக்கொரு பச்சை முட்டையைக் கொடுத்து, உள்ளே இருக்கும் சவ்வு கிழியாமல் ஓட்டை மட்டும் உரித்தெடுக்கச் சொன்னான். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்த இரண்டு பையன்களின் மேஜையில் ஆம்லெட்டுக்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தது. பிரபாவதி நாற்பது நிமிடம் கழித்து, வெளிச்சம் புகுந்து மஞ்சள் கரு நிழலாகத் தெரிய, உரித்த முட்டையை உள்ளங்கையில் ஏந்திக் கொண்டுபோய் நின்றாள். ஜான்சன் அதை வாங்கவே பயந்தான். "நீங்களே வெச்சுக்கங்கக்கா," என்றான்.

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. செங்கல்பட்டில் ஒரு பல் லேபில் பத்தொன்பது வருடம் பொய்ப்பல் செய்தவள். முதலாளி லேபை மூடிவிட்டு மகனோடு ஓசூருக்குப் போகும்வரை, அந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் முறுக்கு கடித்தார்கள். ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது. அந்தத் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம். பக்கத்துப் பல்லின் நிறம், தேய்மானம், லேசான கோணல் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் பல் வாய்க்குள் மறைந்துவிட வேண்டும். உடைந்தால் டாக்டருக்குத் தெரிவதற்குள் வேறொன்று செய்து வைத்துவிட வேண்டும்.

இங்கே எல்லாம் தலைகீழ். முதல் நாளே ஜான்சன் இரண்டு சட்டம் சொன்னான். ஒட்டும் பசை அசிட்டோனில் கரைய வேண்டும். நாம் வைத்ததை நாளைக்கு இன்னொருவர் எடுக்க முடிய வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். கிட்டே வந்து பார்ப்பவருக்கு எது மீன், எது நாம் என்று தெரிய வேண்டும். பிறகு ஒரு சிவப்பு நோட்டைக் காட்டினான். "உடையறது தப்பில்ல. உடைஞ்சதச் சொல்லாம இருக்கறதுதான் தப்பு. இதுல எழுதிடுங்க." வைஷாலி அதற்குள் நாலு முறை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அழுகிற முகம் வரைந்திருந்தாள். பிரபாவதியின் பெயரில் ஒரு வரி கிடையாது. "அக்கா பேரு இந்த நோட்டுல வந்துச்சுன்னா, வேளாங்கண்ணிக்குப் போயி மொட்ட போட்டுக்கறேன்," என்று ஜான்சன் சபதமே செய்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டை. இந்த அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் கீழே ஒரு அட்டை இருக்கும். அதில் கடைசி இரண்டு வரி: கண்டெடுத்தவர் இன்னார், துலக்கியவர் இன்னார். சேர்ந்த அன்றைக்கு அவள் கூடத்தைச் சுற்றி வந்தபோது, எல்லோரும் எலும்புகளைப் பார்த்தார்கள். அவள் கடைசி வரிகளை மட்டும் படித்துக்கொண்டே போனாள்.

கம்ப்ரஸர் வெடித்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, பொடி இழுக்கும் இயந்திரத்தின் பையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்தாள். சனிக்கிழமை மாவு சலிக்கிற சல்லடையில் இரண்டு தடவை சலித்தாள். நொய்யரிசி அளவில், பளபளவென்று கறுப்பாக ஒரே ஒரு துணுக்கு கிடைத்தது. மற்றதெல்லாம் பொடியோடு பொடி. துணுக்கை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினாள். பரணிலிருந்து பல் லேப் காலத்துப் பழைய பெட்டியை இறக்கினாள்.

"இன்னாம்மா, பழைய தொழிலு திரும்ப ஆரம்பிச்சுட்டியா?" ஹரிப்ரியா தலை துவட்டியபடியே எட்டிப் பார்த்தாள். "யாருக்குப் பல்லு?"

"ஒரு பெரியவருக்கு."

"வயசு எவ்ளோ?"

"ஏழு கோடி."

ஹரிப்ரியா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. அருகில் வந்து உட்கார்ந்தாள். போனில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அம்மா பொய்ப்பல் பிளாஸ்டிக்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சிக் கரி, துளி பழுப்புச் சாயம், மறுபடி கரி. ஐந்தாவது பல்லும் ஏழாவது பல்லும் உரசி உரசித் தேய்ந்த கோணம் எதுவோ, அதே கோணம். வெளியே செங்கல்பட்டு ஜங்ஷனுக்குள் நுழையும் ரயில் ஏரிக்கரையில் கூவிக்கொண்டு நின்றது.

"அவங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"நோட்டுல எழுதலாம் இல்ல? அந்தப் பொண்ணு நாலு தடவ எழுதிச்சுன்னு நீதான சொன்ன?"

"அதுக்கு இருவத்திரெண்டு வயசு. அது ஒடச்சா பழகுதுன்னு சொல்வாங்க. நான் ஒடச்சா வயசாயிடுச்சும்பாங்க. போதும், எழுந்து போய் சாப்புடு."

ஹரிப்ரியா எழுந்தாள். கதவருகில் நின்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அட்டையில உன் பேரு போடறாங்களே, அது மீனைக் காட்டினதுக்கா, பல்லு கட்டினதுக்கா?"

பிரபாவதி சீவிய பல்லை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை, ஒருவரும் வருமுன் பல்லைப் பள்ளத்தில் வைத்தபோது, கைப்பையில் இருந்த உடனே ஒட்டும் பசையை எடுக்கப் போன கை நின்றது. அலமாரியைத் திறந்து, அசிட்டோனில் கரைகிற லேப் பசையை எடுத்தாள். ஒரு துளி வைத்தாள். பல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அவளாலேயே அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பயத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து ஏறியது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவள் அதிகமாகப் பயந்தாள்.

புதன்கிழமை, சென்னையிலிருந்து பேராசிரியர் ஸ்ரீனிவாசராகவன் வந்தார். புதைபடிவ மீன்களைப் பற்றி நாற்பது வருடமாக எழுதுகிறவர். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், குடையை வைஷாலி கையில் கொடுத்துவிட்டு, தாடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்தார்.

"பேஷ்," என்றார். "பேஷ், பேஷ். யார் கை இது?"

"பிரபாக்கா, சார்," என்றாள் வைஷாலி, தானே செய்த மாதிரி நிமிர்ந்துகொண்டு. "எங்க பேட்ச்லயே ஒரு தடவகூட உடைக்காதவங்க."

ஜான்சன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். "சாம்பிள் அட்டை. காலையிலதான் அச்சாயி வந்துச்சு. எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்கக்கா."

பிழை இல்லை. 'துலக்கியவர்: பி. பிரபாவதி, செங்கல்பட்டு.' ஊர்ப் பெயரையும் போடுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பேராசிரியர் குறிப்பேட்டைத் திறந்தார். "ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. ஒரு பல்லை மட்டும் எடுத்துண்டு போய், குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில பாக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்கோம்மா. துலக்கினவாளுக்குத்தான் எது கெட்டின்னு தெரியும்."

கேட்டதும் பிரபாவதிக்கு மூச்சு வந்தது. இரண்டாவது, ஒன்பதாவது, எதை வேண்டுமானாலும் காட்டலாம். அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆறாவது பல் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். கீழே அவள் பெயர் இருக்கும். யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடம் தெரியாமல் இருந்தது போலவே தெரியாது.

"ஒன்பதாவது கெட்டி, சார்," என்றாள்.

"ரொம்ப நல்லது." அவர் குறித்துக்கொண்டார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிற பழக்கம் அவருக்கு. "கீழ்த் தாடை, இடது பக்கம். பற்கள் வரிசை முழுமை. மொத்தம் பதினொன்..."

"பத்துதான் சார்."

பென்சில் நின்றது.

"பதினொண்ணு இருக்கேம்மா. எண்ணிண்டேனே."

"பதினொண்ணுதான் இருந்திச்சு. கம்ப்ரஸர் வெடிச்ச அன்னிக்கு என் கை தாண்டிடுச்சு. ஒண்ணு போயிடுச்சு. இதுல ஒண்ணு நான் செஞ்சு வெச்சது." கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். அட்டைக்குப் பக்கத்தில். "நெஜப் பல்லுல கெடச்சது இவ்ளோதான்."

வைஷாலியின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. ஜான்சனின் முகம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்தது.

"வெள்ளிக்கிழம உடைஞ்சது. இன்னிக்குப் புதன்," என்றான். "சார் அந்தப் பல்ல எடுத்துட்டுப் போயிருந்தா? கரியையும் பிளாஸ்டிக்கையும் வெட்டிப் பாத்து ஆராய்ச்சி எழுதியிருப்பாரு. நம்ம லேப் பேரு என்ன ஆவும்? முதல் நாளே சொன்னேன் இல்லக்கா? எழுதுங்கன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க சார். தப்புதான்." அவள் குரல் இறங்கவில்லை. எழுந்து போய் சிவப்பு நோட்டை எடுத்து வந்தாள். தேதியைப் போட்டாள். 'ஆறாவது' என்று எழுதத் தொடங்கியவள், ஜான்சன் பார்ப்பதைக் கண்டு, கையால் மறைத்துக்கொண்டே எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். நோட்டை மூடினாள். "லேப் பசைதான் போட்டிருக்கேன். பஞ்சுல அசிட்டோன் தொட்டு வெச்சா ரெண்டு நிமிஷத்துல வந்துடும். மீனுக்கு ஒரு கீறல் ஆவாது. பள்ளத்த அப்படியே காட்டுங்க. அட்ட விஷயம் நீங்க பாத்துக்குங்க."

ஜான்சன் அட்டையை எடுத்தான். கிழிக்கப் போகிறான் என்று வைஷாலி நினைத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"எது?" என்றான்.

"இருங்கோ இருங்கோ, சொல்லிடாதீங்கோ!" பேராசிரியர் கையை உயர்த்தினார். மறுபடியும் லென்ஸை இடுக்கிக்கொண்டார். இந்த முறை மூக்கு தாடையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். விளக்கை இந்தப் பக்கம் இழுத்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஜான்சனும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத முகத்தோடு அவனும் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் கேட்டது.

பிரபாவதி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் செய்த ஒரு பல்லைக்கூட யாரும் இப்படித் தேடியது கிடையாது.

கடைசியில் பேராசிரியர் நிமிர்ந்தார். பென்சில் நுனியை ஏழாவது பல்லின் மேல் வைத்தார். ஜான்சனைப் பார்த்தார். அவனும் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"இதுதானே? கொஞ்சம் மினுமினுப்பு ஜாஸ்தி. கண்டுபிடிச்சுட்டோமா?"

"அது மீனோட பல்லு சார்," என்றாள் பிரபாவதி. "என்னோடது அதுக்குப் பக்கத்துல கீது."