இரண்டு அறையில் ஒரே வேலை

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரே கூரையின் கீழ் ஓராண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். சொத்துத் தகராறு என்றால் நாலு பேராவது மதிப்பார்கள். இது மென்பொருள் தகராறு.

யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களைத் தங்களுக்குப் பிடித்த ஒரு சின்னக் கணினி இயங்குதளத்துக்குக் கொண்டுவந்து ஓட வைப்பது இருவருக்கும் பைத்தியம். தொடங்கும் முன் "இதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று அந்த இயங்குதளத்தை நடத்தும் இணையக் குழுவுக்கு எழுதிப் போட வேண்டும். ஒரே வேலையில் இரண்டு பேர் மாரடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. போன வருடம் அண்ணனான என் வீட்டுக்காரர் எழுதிப் போடாமல் ஒன்றைச் செய்து முடித்தார். அதையே தம்பி முறையாக எழுதிப் போட்டுச் செய்திருந்தார். குழு தம்பியுடையதை எடுத்துக்கொண்டது. அதிலிருந்து அண்ணன் வீம்புக்காக எழுதுவதில்லை. அவர் முகம் தொங்கிப்போகுமே என்று தம்பியும் எழுதுவதில்லை.

எனக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. அச்சகத்துக்கு புரூஃப் பார்ப்பவள் நான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் எங்கள் வீட்டு இயங்குதளத்துக்கு வந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் அடுத்த புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும். வேறு இயங்குதளத்துக் கணினி வாங்கலாமே என்றேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் வெளியே போனால் பின்னறையில் தம்பியின் கணினியிலிருந்து ஒரு குரல் கேட்கும். பக்கம் பக்கமாக வாசிக்கும். ஆனால் தொண்டை கட்டியதுபோல் கரகரக்கும். தம்பி வெளியே போனால் முன்னறையில் அண்ணனின் கணினியிலிருந்து இன்னொரு குரல். கணீரென்று தொடங்கி ஒரே வரியில் நின்றுவிடும்.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார் இவர்.

"அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க அண்ணி" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசைகளைத் தடவித் தடவி நானே குழுவுக்கு எழுதிப் போட்டேன்: "வாசிக்கும் மென்பொருளை நான் எடுத்துக்கொள்கிறேன். குரல் எங்கள் முன்னறையில் இருக்கிறது, மீதி பின்னறையில்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு கதவும் திறந்தன.

"அந்த வரி தாண்டுற பகுதியை அனுப்புடா" என்றார் என் வீட்டுக்காரர், யாரிடமோ சொல்வதுபோல.

"முதல்ல நீ குரலைக் குடுண்ணா."

சாயங்காலம் கணினி என் புரூஃபைக் கணீரென்று வரி வரியாக வாசித்தது. மூன்றாவது பத்தியில் ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னது. இருவரும் பதறிப்போய் விசைப்பலகைக்குப் பாய்ந்தார்கள்.

"கையை எடுங்க, ரெண்டு பேரும்! மெஷின் சரியாத்தான் சொல்லுது. புத்தகத்துலதான் அந்த வார்த்தை ரெண்டு தடவை இருக்கு."

இருவரும் திரையைப் பார்த்தார்கள்; அந்தச் சொல் இரண்டு தடவைதான் இருந்தது. கண்ணால் பார்க்காமல் நான் பிடித்த முதல் பிழை அது. அழுதுகொண்டேதான் அச்சகத்துக்கு போன் போட்டு, அடுத்த புத்தகத்தை அனுப்பச் சொன்னேன்.