சூயிங்கம் அண்ணன்

முப்பத்திரண்டு வருஷமாகச் சவரக்கத்தி பிடிக்கிற தம்பிக்காரர், அண்ணனின் கன்னத்தைக் கீறிவிட்டார். அதுவும் அண்ணன் செத்துப்போய், கட்டிலில் ஆடாமல் அசையாமல் படுத்திருக்கும்போது.

நடந்தது இதுதான். கத்தி இடது தாடையோரம் இறங்கியதும் அவர் கை வழக்கம்போல ஒரு நூல் அளவு வலப்பக்கம் ஒதுங்கிக் கொடுத்தது. அண்ணனின் தாடை அந்தப் பக்கம்தான் போகும். ஒன்பது வருஷமாக ஓயாமல் மென்ற தாடை. வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லும். அது போகிற பக்கம் போகக் கையைப் பழக்கியிருந்தார். ஆடுகிற முகத்தை வழிக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்று கொஞ்சம் பெருமைகூட உண்டு. இன்றைக்குத் தாடை வரவில்லை. கை மட்டும் தனியாகப் போய்விட்டது.

ரத்தமும் வரவில்லை. வெளுப்பாக ஒரு கோடு திறந்துகொண்டது, அவ்வளவுதான். அவசரமாகப் படிகாரத்தை எடுத்து ஒத்தினார். "எரியுதாண்ணே?" என்பது தொண்டைவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

கதவோரம் நின்ற மனைவி பார்த்துவிட்டாள். "கை நடுங்குதா? வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"நான் இருக்கும்போது இவருக்கு இன்னொருத்தன் கத்தி வைக்கிறதா? அதுக்குக் கடையை மூடிட்டுப் போயிடலாம்."

"கடை மூடித்தாங்க இருக்கு."

அவர் கத்தியைத் துணியில் துடைத்தார். "ஏம்மா, அந்தச் சூயிங்கம் விஷயம்... அன்னிக்கு நான் டாக்டர்கிட்ட..."

"இப்ப எதுக்கு அது? தூக்கத்துலயே போயிட்டார். நிம்மதியான சாவு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையில் நாடி பார்க்க வந்த பக்கத்துத் தெரு டாக்டரிடமும் இதைக் கேட்டிருந்தார். "இதயம் நின்னுபோச்சு. வேற எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று பையை மூடிவிட்டார் அவர்.

ஒரு காலத்தில் அண்ணன் நடுத்தெருவில் நின்று பஸ்களோடு வாக்குவாதம் செய்வார். பஸ்கள் தன்னைத் திட்டுகின்றன என்பது அவர் கட்சி. மாத்திரையும் மாத ஊசியும் வந்த பிறகு பஸ்கள் வாயை மூடிக்கொண்டன. அண்ணன் வாய்தான் ஆரம்பித்தது. உதடு குவியும், நாக்கு எட்டிப் பார்க்கும், தாடை அரைக்கும்.

கடைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள்: "உங்க அண்ணன் எந்நேரமும் என்னத்த மெல்றார்?"

"சூயிங்கம்" என்றார் தம்பிக்காரர். பொய் சொன்னால் அதற்குச் சாப்பாடு போட்டு வளர்க்கவும் வேண்டுமே; ஒரு டப்பா வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். தினமும் காலையில் அண்ணனின் சட்டைப்பையில் இரண்டைப் போட்டார். தெருவே 'சூயிங்கம் அண்ணன்' என்றது. கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையை நிமிர்த்தி, "வாயில என்ன?" என்று கேட்கிற வரைக்கும்.

"சூயிங்கம், டாக்டர். துப்புன்னா கேக்க மாட்டேங்கிறார்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அதே மாத்திரையை எழுதினார். பக்கத்தில் இருந்த அண்ணன் தம்பியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மாத்திரையைக் குறைப்பார்கள், குறைத்தால் மறுபடி பஸ்கள் பேசும். அந்தப் பயம் நிஜம்தான். வெட்கமும் நிஜம்தான். எது எத்தனை பங்கு என்று தம்பிக்காரர் இதுவரை நிறுத்துப் பார்த்ததில்லை.

மாத ஊசி போடும் நர்ஸம்மா பதினோரு மணிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, பாதி வழித்த முகத்தையும் கீறலையும் பார்த்தார்.

"வாய் இவ்ளோ அமைதியா நான் பார்த்ததே இல்ல" என்றார். பிறகு, "ஊசிக்கு வர்றப்பல்லாம் என் பொண்ணுக்குன்னு சூயிங்கம் குடுப்பார். கை நிறைய."

"அவர் மெல்ல மாட்டாரா?"

"எப்படி மெல்லுவார்? நாக்கையில்ல கடிச்சுக்குவார்."

தம்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் வேலைக்கு வந்ததும், மருந்தாலதான் இப்படி வாய் ஆடுதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். மருந்தை மாத்தினாங்க. ஆனா அதுக்குள்ள ஊறிப்போச்சு" என்றார் நர்ஸம்மா.

மாத்திரையின் நிறம் மாறியது தம்பிக்காரருக்கும் நினைவிருந்தது. ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கணும். ஆறுதலெல்லாம் வேண்டாம். காலையிலேர்ந்து நிறைய கிடைச்சுது." அவர் குரல் சவரத் தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது. "ஒன்பது வருஷம் முன்னாடி டாக்டர் கேட்டார். நான் சூயிங்கம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா?"

நர்ஸம்மா பார்வையைத் திருப்பவில்லை.

"குறைஞ்சிருக்கும்" என்றார். "முழுசா நின்னிருக்குமான்னு தெரியாது. ஆனா பெரும்பாலும் குறைஞ்சிருக்கும்."

தம்பிக்காரர் தலையாட்டினார். எழுந்து கட்டிலருகே போனார். வலது கன்னம் பாக்கி இருந்தது. பூசிய நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா" என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "தண்ணி ஆறிப்போச்சு. கொஞ்சம் சூடா கொண்டா."