மாத்திரை தொடாத மகான்

"வலி என்பது மூளை சொல்லும் பொய்" என்று மைக் சார் கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து, நீலப் பிளாஸ்டிக் பேசினோடு குந்தியிருந்தாள். அந்தப் பொய் எந்த நேரமும் வாய்வழியாக வெளியே வரலாம் என்பது அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து இரண்டு தலையணை உறை மாற்றியாகிவிட்டது.

மைக் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பயிற்சி அதிகாரி என்பது பதவி. ஒலிபெருக்கி கண்ட இடத்தில் எழுந்து நிற்பது தொழில். ஓய்வு பெறுகிறவருக்கு நடந்த பாராட்டு விழாவில் அந்த மனிதருக்கு ஒரு வார்த்தை பேச வாய்ப்புக் கொடுக்காமல் முடித்துவைத்தவர். ஓர் இரங்கல் கூட்டத்தில் இவர் பேசி முடிப்பதற்குள் செத்தவரின் மகனே கடிகாரம் பார்த்தான். தலைக்குள் எலுமிச்சம்பழ அளவில் கட்டி என்று தெரிந்தபோது, பேச்சுக்கான பகுதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போது மனைவி முகத்தில் ஓடியது நிம்மதிதானா என்று டாக்டருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

கட்டி நல்ல கட்டி, புற்று இல்லை. முழுசாக எடுத்தாயிற்று. காதுக்கு மேலே குதிரைலாடம் மாதிரி வளைந்து ஓடியது தையல். இனித் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, குனியக் கூடாது. வாந்திக்கான மாத்திரை முதலில்; அது பிடித்த பிறகு காய்ந்த பிஸ்கட் ஒன்று; அதற்கப்புறம் வலிக்கு. இந்த வரிசை தவறினால் எல்லாம் பேசினுக்குப் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவை போக வலிப்பு வராமலிருக்க ஒன்று, மூளை வீக்கம் வற்ற ஒன்று. சலவைக்கடை நடத்துகிறவள் அவள். எந்தக் கறைக்கு முன்னால் எது, பின்னால் எது என்ற கணக்கிலேயே வாழ்க்கை ஓடியிருந்ததால் இந்த வரிசை அவளுக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

மைக்கும் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. தவறவிடுவதாவது, நேரத்துக்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பார், கூட்டுக்குள் குருவிக்குஞ்சு மாதிரி. ஆனால் கேமராவுக்கு முன்னால் அவர் மாத்திரையே தொடாத மகான். "மன உறுதி ஒன்றே மருந்து" என்று முதல் வீடியோவில் வாய்தவறிச் சொன்னாரோ, வாய்க்கு ருசியாக இருந்ததால் சொன்னாரோ, அதைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைகூப்பினார்கள். அதன்பின் அவரால் இறங்கி வர முடியவில்லை.

"பச்சைப் பொய்யை இப்படிக் கூசாமச் சொல்றீங்களே" என்று மனைவி கேட்டதற்கு அவர் யோசித்து ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"நான் எங்கடி தொட்டேன். நீதானே வாயில போடுற."

படம் பிடிப்பது கொழுந்தன். வீட்டுமனைத் தரகன். மூன்று பக்கமும் சாக்கடை ஓடும் நிலத்தை நீர்வளம் மிக்கது என்று விற்றவன், அண்ணனின் மண்டையை விற்கமாட்டானா. வட்ட விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே வைத்தான். திரைச்சீலையைத் திறந்தான். தையல் தெரிய வேண்டும் என்று தலையை ஒருபக்கமாகத் திருப்பச் சொன்னான். "அண்ணே, கண்ணைச் சுருக்காதீங்க, வலிக்கிற மாதிரியே தெரியுது" என்றான். அந்த வெளிச்சம் ஊசியாக இறங்குவதை அவர் கழுத்து நரம்பிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் என்று தோன்றவில்லை. பழைய பழக்கத்தில் பேசினை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

அப்போதுதான் அவள் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரி. அவளுக்கும் மைக்குக்கும் ஒரே வாரத்தில் தலையில் ஆபரேஷன். ஒரு திரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வாந்தி எடுத்தவர்கள். மனைவி எழுந்து அறை வாசலுக்குப் போனாள்.

"அக்கா, தொந்தரவு பண்றேனா." குரல் பாதியாக இருந்தது. "சார் எப்படிக்கா தாங்குறாரு. எனக்குக் கண்ணைத் திறக்க முடியல. தண்ணி குடிச்சாக்கூட வெளிய வருது."

"வாந்தி மாத்திரை போட்டியா?"

"இல்லக்கா. சார் வீடியோ பாத்துட்டு நிறுத்திட்டேன்."

"எதை நிறுத்தின?"

"எல்லாத்தையும்தான். முந்தாநாள்லேருந்து."

வீக்கத்துக்கான மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று நர்ஸ் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். வலிப்பு மாத்திரையைப் பற்றி இன்னும் கடுமையாகச் சொன்னாள். அந்த நேரத்தில் மைக் நர்ஸுக்கு நேர மேலாண்மை பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"வலிப்பு மாத்திரையுமா? பைத்தியமா உனக்கு? இவரு எல்லா மாத்திரையும் சாப்பிடுறாரும்மா. நான்தான் கொடுக்கிறேன்."

அந்தப் பக்கம் சின்னதாகச் சிரிப்பு. "என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க. எனக்குத்தான் மனசுல தெம்பு பத்தலக்கா. இன்னும் ஒருநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா பழகிடும்னு சார் சொன்னாரே."

கூடவே இருந்து வாந்தி அள்ளுகிறவள் பேச்சு பொய். வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தவன் பேச்சு வேதம். இந்த உலகம் எப்போதும் இப்படித்தான். மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அறைக்குள் வந்தாள்.

"அந்தத் தையல்காரப் பொண்ணு உங்க பேச்சைக் கேட்டு எல்லா மாத்திரையும் நிறுத்திட்டா. நான் சொன்னா நம்பல. நீங்க சாப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மைக்கின் முகத்தில் முதலில் வந்தது பெருமைதான். அதை அவள் பார்த்தாள். சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். பிறகுதான் விஷயம் உறைத்து முகம் சுருங்கியது.

"ஒரு வார்த்தையாலே எல்லாம் போயிடுமே" என்றார்.

"அண்ணி, அவசரப்படாதீங்க" என்றான் கொழுந்தன். "அந்தம்மா ரெக்கார்ட் பண்ணிப் போட்டா அண்ணன் பேரு நாறிடும். வீடியோவுக்குக் கீழ சின்ன எழுத்துல போட்டுடலாம், டாக்டரைக் கலந்துக்கோங்கன்னு."

"அவளால கண்ணையே திறக்க முடியல. உன் சின்ன எழுத்தை யாருடா படிக்கிறது."

அவள் போனை மைக்கின் வாய்க்கு நேரே நீட்டினாள். ஒலிபெருக்கியைக் கண்ட பழக்கமோ என்னவோ, முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். "அன்புச் சகோதரியே" என்று மேடைக் குரலில் தொடங்கினார். "வாழ்க்கை என்பது ஒரு நெடிய..."

நெடிய என்ன என்பது தெரியாமலே போயிற்று. வட்ட விளக்கு தன் வேலையைக் காட்டியது. மனைவி மறுகையால் பேசினை எட்டி எடுப்பதற்குள் சட்டையில் பாதி, பேசினில் பாதி. குனியக் கூடாத தலை குனிந்துவிட்டது. குனிந்ததும் வலி இடித்த இடியில் அவர் இரண்டு கையாலும் மண்டையைப் பிடித்துக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். அதில் முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. கொழுந்தன் சட்டை அழுக்காகிவிடப் போகிறதென்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

மனைவி அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். போன் தலையணையில் கிடந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

"காலையில போட்ட மாத்திரை எல்லாம் வந்துடுச்சாடி" என்றார் அழுகையோடு. "மறுபடியும் குடு. அந்த வலி மாத்திரையை முதல்லயே குடுத்துடு. என்னால முடியலடி. மாத்திரை இல்லாம ஒரு நிமிஷம் முடியாது."

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதிலேயே சிறிய பேச்சு அது. மனைவி போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இவ்வளவுதானாக்கா" என்றாள் தையல்காரி. கோபமா, ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "நான் போட்டுக்கவா, விட்டதையெல்லாம் சேத்து?"

"சேத்துப் போட்டுடாதே. தானா எதுவும் செய்யாதே. வார்டுக்கு நான் பேசுறேன், நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வீட்ல யாரு இருக்கா?"

"அவரு வேலைக்குப் போயிட்டாரு. எதிர்வீட்டு அக்கா இருப்பாங்க."

"போய்க் கூப்பிடு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போ. போனை வைக்காதே."

கொழுந்தனிடமிருந்து அவன் போனைப் பிடுங்கி வார்டு எண்ணை அழுத்தி மறுகாதில் வைத்தாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் மைக் வாயைத் திறந்து காத்திருந்தார். இந்தக் காதில், வளையல் சுவரில் உரசி உரசி நகர்வது கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. செருப்பில்லாத கால் நான்கைந்து அடி வைத்து நின்றது. பிறகு ஒரு கதவைத் தட்டும் சத்தம், பலமில்லாமல்.

யாரும் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள்.