வால்நட்சத்திரத்துக்கு ஒரு தகடு

மகதலேனா நேரத்தை ஜெபத்தால் அளப்பவள். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் அவளுடைய வீட்டில் கடிகாரம் இல்லை. முட்டை வேக, மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் பதினைந்து. சோறு வேக ஐம்பது. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று அவள் உதடுகள் முணுமுணுத்தால், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று அண்டை வீட்டார் அறிவார்கள்.

சரக்கு நிலையத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய அவள் கணவன் கொர்னேலியஸ், தன் புகைப்படப் பெட்டிக்கும் அந்த அளவையே எடுத்துக்கொண்டான். ஊர் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய பழைய பெட்டி அது. கூடவே மூன்று கால் மரத்தாங்கி, படம் பதியும் கண்ணாடித் தகடுகள் ஒரு டஜன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டு மே மாதம், வால்நட்சத்திரம் மாலையில் மேற்கே தெரியத் தொடங்கியதும், அதைப் படம் பிடித்தே தீருவதென்று அவன் முடிவு கட்டினான். நெஞ்சு நோய் முற்றியிருந்தமையால் அவனால் நிற்க இயலவில்லை. நாற்காலியிலிருந்து அவன் சொல்ல, அவள்தான் பெட்டியை நாட்டினாள். முகப்பு மூடியைக் கழற்றினாள். பத்து மந்திரம் சொல்லி மீண்டும் மூடினாள்.

பதினொரு தகடுகள் செலவாயின. சிலவற்றை நிலா கெடுத்தது. பெரும்பாலானவற்றை இரயில் முற்றத்து விளக்குகள் கெடுத்தன. அவ்விளக்குகள் வானத்தின் அடிப்பாகம் முழுவதையும் வெளுத்து வைத்திருந்தன. போர்வை ஒன்றைக் கொடியில் கட்டி அந்த ஒளியை மறைத்த அன்று, பத்தாம் தகட்டில் மங்கிய புகைக்கோடு ஒன்று விழுந்தது. பதினொன்றாவதில், அவன் இருமலைக் கேட்டு அவள் திரும்பியபோது முழங்கை பெட்டியில் இடித்துவிட்டது.

பிறகு நான்கு நாள் மழை. இன்று பிற்பகல், பணிமனைச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பு, கொர்னேலியஸ் தண்ணீர் கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் குவளையோடு வருவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது முன்னறையில், கோவிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மகதலேனா, கால்மாட்டில் அவள் மாமியார் சாந்தமேரி. கிள்ளானிலிருந்து இரயிலில் வந்து சேர்ந்த கொழுந்தன் லியனார்ட், கடைத்தெருவில் கேஸ் விளக்கொன்றை இரவல் வாங்கி, காப்பி காய்ச்சுபவர்களுக்காகக் கொல்லையில் மாட்டியிருந்தான். அதன் வெள்ளை ஒளி அடுப்படி வழியாகச் சவத்தின் கால்வரை நீண்டிருந்தது. அடுப்படி மூலையில், கடைசித் தகட்டோடு பெட்டி நின்றது.

லியனார்ட் அருகில் வந்து குனிந்தான். “அண்ணி, நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் மத்தியான வண்டிக்குக் கிளம்பிடுவோம். இந்த வீட்ட இனிமே நமக்கு விடமாட்டானுங்க. அந்தப் படப்பெட்டிய எங்க துரைக்குக் குடுத்துடுறேன். ஆசப்பட்டுக் கேட்டாரு.”

“என்னைக் கேக்கலையே, தம்பி.”

“ஒங்களுக்கு எதுக்கு அண்ணி அது?”

அவள் கண் அடுப்படி மூலைக்குப் போனது.

அண்டை வீட்டுத் தனலெட்சுமி காப்பித் தட்டோடு நுழைந்தாள். “வெள்ளக்கார ராசாவையே வாரிக்கிட்டுப் போன நட்சத்திரம், கிராணியார விடுமா? பாக்காதீங்க பாக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். புருசனும் பொண்டாட்டியும் அதுக்குக் கொடியில போர்வ கட்டிக் குடித்தனம் நடத்துனீங்க. இன்னைக்கும் வந்து நிக்குது பாரு, பல்லக் காட்டிக்கிட்டு.”

மகதலேனா தலை நிமிர்ந்தாள். “தெரியுதா?”

“தெரியுது. ஆனா வாலு தேஞ்சுபோச்சு. ரெண்டு நாளுல ஒழிஞ்சிடும், சனியன்.”

“வாய மூடு தனலெட்சுமி,” என்றாள் சாந்தமேரி. “நீ எழுந்திரிக்காத, மகதலேனா. பொண்டாட்டி தலமாட்ட விட்டு நகரக்கூடாது.”

கோவில் உபதேசியார் ஜெபமாலையைத் தொடங்கினார். அறை முழுவதும் ஒரே குரலாயிற்று. மகதலேனாவின் விரல் மணிகளை உருட்டியது. மனமோ மூடியைக் கழற்றிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு அவன் ஆசைக்காக என்று சொல்லிக்கொள்ள முயன்றாள், முடியவில்லை. குளியலறை இருட்டில், தகடு கழுவும் மருந்து நீரிலிருந்து அந்தப் புகைக்கோடு மெல்ல எழுந்து வந்ததை முதலில் கண்டவள் அவள். தகட்டை வெளிச்சத்தில் வாங்கிப் பார்த்த கொர்னேலியஸ், “புடிச்சிட்டேன்” என்றான். அவள் மறுத்துச் சொல்லவில்லை. கிள்ளானில், கொழுந்தன் வீட்டு அடுப்படியில், இனி அவள் எண்ணுவதெல்லாம் சோற்றுக்கும் முட்டைக்குமாகத்தான் இருக்கும்.

மாலையின் மூன்றாம் பத்து மணிகள் முடிந்ததும் உபதேசியார் தண்ணீர் குடிப்பதற்காக நிறுத்தினார். மகதலேனா எழுந்தாள்.

“எங்கடி போற?”

“கொல்லைக்கு, அத்தை.”

“என்ன வேணும் அண்ணி? நான் எடுத்தாறேன்,” என்றான் லியனார்ட்.

“அந்தக் கேஸ் விளக்கக் கொஞ்ச நேரம் அணைக்கணும், தம்பி. படம் எடுக்கணும்.”

தனலெட்சுமியின் தட்டில் குவளைகள் கலகலத்து ஓய்ந்தன.

“சாவு வீட்டுல விளக்க அணைக்கிறதா?” சாந்தமேரி மகனின் காலைப் பற்றிக்கொண்டாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவளாய், “அவன் கேட்டானா? சாகும்போது எம்புள்ள அதக் கேட்டானாடி?” என்றாள்.

ஆம் என்னும் ஒரு சொல் போதும். லியனார்டே ஓடிப்போய் விளக்கை இறக்கியிருப்பான். அழுதுகொண்டே வழி விட்டிருப்பார்கள்.

“இல்ல அத்தை,” என்றாள் மகதலேனா. “அவரு கேக்கல. எனக்கு வேணும்.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இங்க மெழுகுவத்தி எரியட்டும். கொல்லையில இருக்கறத நான் அணைக்கப் போறேன்.”