ஜெயில் செலவு

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் தலைவர் மேசை எப்போதும் சின்ன மேடைக்குக் கீழேதான் இருக்கும். அன்றைக்கு வெர்டெல் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு அடியில் போட்டாள். அந்தக் கூடத்தில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். ஆணையத்தின் மற்ற நான்கு பேரும் வந்து கேட்பார்கள், ஏன் இங்கே போட்டாய் என்று. காற்று வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஜூன் மாதத்து வாஷிங்டனில் அந்த ஜன்னல் வழியாக வருவது காற்றா, பேருந்துப் புகையா என்பதை, பத்தொன்பது வருஷம் இதே தெருவில் பேருந்து ஓட்டியவளிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

வியாழக்கிழமை என்றால் ஏழு மணி வாக்கில் மகன் ரஷான் கூப்பிடுவான். அவன்தான் கூப்பிட முடியும். இவள் திருப்பிக் கூப்பிட முடியாது. போன வாரம் அழைப்பு வரவில்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. சிறைக்குள்ளே ஏதோ அடிதடி, எல்லோரையும் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்று இன்னொரு பையனின் தாய் சொன்னாள். யாருக்கு அடி, யார் அடித்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து வெர்டெலுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது.

கைபேசி துடித்தது. பாய்ந்து எடுத்தாள். தங்கை எர்னஸ்டின். நகர எல்லையைத் தாண்டி மேரிலாண்டில் வீடு வாங்கிப்போய், தினமும் காரில் வந்து வாஷிங்டனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவள்.

"இன்னிக்குத்தானே உங்க தீர்மானம்? மாநிலமாகணும்னு எல்லாரும் கை தூக்கப்போறீங்களாமே. ஆனதும் மொதல் வேலையா என் சம்பளத்துலதான் கை வைப்பீங்க. கூடப் பொறந்தவகிட்டயே வழிப்பறியா?"

"எங்க ரோட்டுல கார் ஓட்டற, எங்க ஊருல சம்பளம் வாங்கற, வரியை மட்டும் மேரிலாண்டுல போய்க் கொட்டற. இத்தனை வருஷமா வழிப்பறி பண்ணது யாருடி?"

"பேச்சைப் பாரு. அவன் கூப்பிட்டானா?"

"இல்ல. நீ போனை வை மொதல்ல."

ஒவ்வொருவராக வந்தார்கள். வட்டார ஆணையம் என்று பெயர் பெரிதே தவிர, சம்பளம் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை, மதுக்கடைக்கு உரிமம் கொடுக்கலாமா கூடாதா என்று தெருக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசி, நகர சபைக்கு எழுதிப் போடுவார்கள். கேட்டாலும் கேட்பார்கள், கேட்காமலும் இருப்பார்கள். ஆனால் இந்த முறை சபையே வலிய வந்து கேட்டிருந்தது. தலைநகரம் தனி மாநிலமாவதைப் பற்றி, ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்?

முடிதிருத்தும் கடை கொர்னேலியஸ் கோழி இறக்கைப் பொட்டலத்தோடு வந்தான். திறந்ததும் மம்போ சாஸின் இனிப்பும் புளிப்பும் கூடம் முழுக்கப் பரவியது. ரஷான் எப்போது பேசினாலும் முதலில் கேட்பது அதைத்தான், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், சாஸ் ஊற்றினானா, தனியாகக் கொடுத்தானா என்று. வெர்டெல் ஒரு துண்டை எடுத்து, கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

எல்லியட்தான் பேச்சை ஆரம்பித்தான். நான்கு வருஷத்துக்கு முன் குடிவந்த வெள்ளைக்காரப் பையன், வரவுசெலவுக் கணக்கு ஆராய்கிற ஏதோ அலுவலகத்தில் வேலை. கெட்டவன் இல்லை. பனி கொட்டினால், கேட்காமலேயே கிழவர் கேஸ்கின்ஸின் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவன்.

"மாநிலமானா லாபம் உண்டு, மிஸ் வெர்டெல். வெளியூர்லேந்து வந்து இங்க சம்பாதிக்கறவங்ககிட்ட இன்னிக்கு நாம வரி வாங்கக் கூடாதுன்னு நாடாளுமன்றம் தடை போட்டிருக்கு. அது போயிடும். ஆனா செலவும் வரும். கோர்ட்டு, ஜெயிலு எல்லாத்தையும் இப்ப மத்திய அரசு பாத்துக்குது. நாளைக்கு அது நம்ம தலையில. அதனால தீர்மானத்துல ஒரு நிபந்தனை சேத்துக்கலாம். மாநிலமான பிறகும் ஜெயிலை மத்திய அரசே நடத்தணும், செலவையும் அவங்களே ஏத்துக்கணும்."

"பிச்சைத் தட்டு ஏந்திக்கிட்டு ஒரு மாநிலமா? எனக்கு வேண்டாம்பா," என்றாள் ஜுவனிட்டா. மாநிலம் கேட்டு நடந்த ஊர்வலங்களில் இளவயதிலிருந்தே கொடி பிடித்தவள் அவள்.

"பிச்சையோ கிச்சையோ, எனக்கு வேணும்," என்றார் கேஸ்கின்ஸ். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "புதுசா வரவங்க தெருவுல வீடு வாங்க வாங்க, என் வீட்டு மதிப்பு ஏறிக்கிட்டே போகுதாம். நான் விக்கவே இல்ல, வரி மட்டும் ஏறுது. இதுல ஜெயில் வேற கட்டணும்னா? ஒரு நாள் என் வீட்டை ஏலத்துல எவனோ எடுத்துட்டுப் போவான். எல்லியட் சொல்றது சரி."

கொர்னேலியஸும் தலையாட்டினான். அவன் கடைக்கும் வரி உண்டு.

வெர்டெல் ஜன்னலைப் பார்த்தாள். இவர்கள் சொல்வதெல்லாம் நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருந்தது. இந்த ஊருக்கென்று சொந்தமாக ஒரு சிறை இருந்ததை மூடி எத்தனையோ வருஷமாகிறது. தண்டனை விழுந்தவனை மத்திய அரசு தன் செலவில் வைத்துக்கொள்கிறது. செலவழிக்கிறவனே இடத்தையும் தீர்மானிக்கிறான். ரஷான் ஒரு கடையில் துப்பாக்கியைக் காட்டினான். சுடவில்லை, காட்டினான். தப்பு இல்லை என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காக எட்டு மணி நேரத் தொலைவில், கென்டக்கி நிலக்கரி மலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சனிக்கிழமைகளில் அந்தச் சிறையின் வண்டி நிறுத்தத்தில் அவள் காரைப் போலவே நாலைந்து கார்கள் நிற்கும். எல்லாவற்றின் எண் பலகையிலும், பிரதிநிதி இல்லாமல் வரி கட்டுகிறோம் என்று இந்த ஊர் அச்சடித்துக் கொடுக்கும் அதே வாசகம். அந்த ஊர்க்காரர்கள் அதை வக்கீல் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தாய்மார்கள் கைப்பைகளைக் காரிலேயே பூட்டிவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வரிசையில் நிற்பார்கள்.

மாநிலமானால் சிறையைப் பக்கத்தில் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சோறு கட்டிக்கொண்டு போகிற தூரத்தில். எல்லியட்டின் இந்த நிபந்தனை தீர்மானத்துக்குள் போய்விட்டால் அது நடக்காது. இதைச் சொல்லலாம். ஆனால் சர்ச்சில் எல்லோரிடமும் அவள் சொல்லிவைத்திருப்பது வேறு. ரஷான் கென்டக்கியில் லாரி ஓட்டுகிறான் என்று.

"வாக்கெடுப்பு நடத்திடலாமா?" என்றான் எல்லியட்.

"இரு, சாப்பிட்டு முடிக்கட்டும்," என்றாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை துடைத்தாகிவிட்டிருந்தது.

அப்போது கைபேசி மேசைமேல் கிடந்து அதிர்ந்தது. வழக்கமாக அவள் படிக்கட்டுக்கு ஓடியிருப்பாள், லாரிக் கம்பெனியிலிருந்து என்று சொல்லிவிட்டு. எழுந்தாள். என்ன நினைத்தாளோ, பொத்தானை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"இது மத்திய அரசுச் சிறைக் கைதி ஒருவரிடமிருந்து வரும் அழைப்பு," என்றது பதிவுசெய்த பெண் குரல், நிறுத்தி நிதானமாக. "ஏற்பதற்கு ஐந்தை அழுத்தவும்."

வெர்டெல் ஐந்தை அழுத்தினாள்.

"அம்மா? நான் நல்லாருக்கேன். ஒண்ணும் ஆகல. அம்மா?"

இரண்டு வாரமாக அடக்கிவைத்ததெல்லாம் கண்ணில் வந்து நின்றது. "இருக்கேன்டா. இங்க எல்லாரும் இருக்காங்க. கூட்டத்துல இருக்கேன்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான்." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "இவன்தான் என் லாரி டிரைவர். நீங்க கேக்கற அந்த நிபந்தனை இவனை அங்கயே வெச்சிரும். பணம் குடுக்கறவன் நமக்காகப் பக்கத்துல கொண்டாந்து வைக்கமாட்டான். அதைச் சொல்லத்தான்..."

எல்லியட்டின் காது சிவந்துபோயிற்று. ஜுவனிட்டா வாயில் கை வைத்துக்கொண்டாள். கேஸ்கின்ஸ் மட்டும் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியும், வெர்டெல்," என்றார். "நாலஞ்சு வருஷமாத் தெரியும். லாரிக்காரனோட அம்மா எவ மாசாமாசம் சனிக்கிழமை விடியறதுக்குள்ள கெளம்பிப் போவா? சக்கரம் பூரா மலைச் சேறு. மறுநாள் சர்ச்சுல பாட்டுக்கு வாயைத் தெறக்காம உக்காந்திருப்ப. இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். நீ சொல்லல, நாங்க கேக்கல."

அந்தப் பொய்யை இத்தனை வருஷம் தனியாகச் சுமந்ததாக அல்லவா நினைத்திருந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, கையில் மிச்சமிருந்த ஒரே காசையும் கொடுத்துவிட்டு, அது செல்லாது என்று கேட்டவள் போல நின்றாள்.

"தெரிஞ்சுமா அந்த நிபந்தனை வேணுங்கறீங்க?"

"உன் பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேன்னுதான் தெரியல." கிழவரின் குரல் உடைந்தது. "இந்த வயசுல என்னை எங்க போகச் சொல்ற?"

எல்லியட் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஜுவனிட்டா அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ்டர் கேஸ்கின்ஸா அது?" என்றது கைபேசி. "உங்க வீட்டுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லடா."

"பின்னாடி அந்த அத்திமரம் இருக்கா?"

"இருக்கு. காக்கா தின்னது போக, நீ திருடறதுக்கும் மிச்சம் இருக்கும். இந்த வருஷம் அவ்வளவு காய்."

ரஷான் சிரித்தான். அந்தச் சிரிப்பை இவர்கள் கேட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. கொர்னேலியஸ் தலையைக் குனிந்துகொண்டான். இந்தப் பையனுக்கு முதன்முதலாக முடி வெட்டியவன் அவன்.

ஆணையத்தின் தலைவர் அவள், அவள்தான் கேட்க வேண்டும். கேட்காமல் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கலைத்தால் அடுத்த மாதம் வரும், அவ்வளவுதான். வெர்டெல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நிபந்தனையைச் சேக்கணும்கறவங்க கை தூக்குங்க."

எல்லியட் கைபேசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கையைத் தூக்கினான். முகம் அழுகிறவன் முகம் போலிருந்தது, ஆனாலும் தூக்கினான். கொர்னேலியஸ் தலை நிமிராமலே கையை உயர்த்தினான். ஜுவனிட்டா கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கை ஏறினால் தீர்மானம் ஆகிவிடும்.

கேஸ்கின்ஸின் வலது கை தொப்பியை விட்டு எழுந்தது. அழைப்பு முடிய இன்னும் ஒரு நிமிடம்தான் என்று கைபேசி ஒருமுறை கூவி அடங்கியது.

"அம்மா," என்றான் ரஷான், "யாரும்மா கை தூக்கினாங்க?"

கிழவரின் கை மேசைக்கு மேலே, கைபேசிக்கு நேராக, தோள் உயரம்கூட ஏறாமல் நின்றிருந்தது. அதைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.